பட்டியலில் இல்லாத பேர்

— ஐய, அந்தப் பொட்டிய மூடு அனு. சோறு ஆறிப்போவுது. காலைலேர்ந்து அதையே பாத்துகினு கீற.

— பில்டு நின்னுபோச்சு அண்ணி, எழுதுனதெல்லாம் ஒண்ணா சேந்து ஆப்பா வரமாட்டேங்குது. ரெண்டு மணிக்குள்ள பஸ் டிக்கெட் ஆப்ப அனுப்பியாவணும்.

— ஏன் நின்னுச்சாம்?

— சிம்பிளா சொன்னா, வேற யாரோ எழுதி வச்சத எடுத்து நாங்க சேத்துக்குவோம். லைப்ரரின்னு பேரு. ஒண்ணக் கேட்டா, அதுக்கு வேண்டிய இன்னொண்ணும் தானா கூட வந்துரும்.

— லாரிய கூப்ட்டா கிளீனரும் வர்றாப்புல.

— அதேதான். போன வாரம் ஒரு லைப்ரரி இனிமே வேணாம்னு தூக்கிட்டேன். அது கொண்டாந்ததும் அதோட பூடுச்சு. இப்ப பாத்தா, தேதி, சீட்டு நம்பரு, எல்லாத்தயும் பாத்துகினு இருந்தது அந்தக் கூட வந்ததுதான்.

— ஐய! அது உங்களுக்குத் தெரியாதா?

— எங்க பட்டியல்ல அது பேரே இல்ல. நாங்க கேக்கவே இல்ல. அதுபாட்டுக்கு இருந்துச்சு, இருக்கும்னு வுட்டுட்டோம்.

— பாவம். இப்ப இன்னா பண்ணுவ?

— ஒரே வரி. அது பேர நேரா எழுதிட்டா, யாரு போனாலும் அது இருக்கும்.

— அவ்ளோதானா? எழுதிட்டு வந்து துன்னு. எங்கண்ணன் ரெண்டு மணிக்கெல்லாம் வண்டியோட வந்துரும். தோ பாரு, உங்கப்பாவோட சக்கர மாத்திர டிவி மேல கீது, சோத்துக்கு முன்னாடி குடு. மோட்டார் சுச்சு லூசு, தட்டிப் போடணும். கேஸ் நம்பர உன் போன்ல ஏத்திக்கோ.

— போயே ஆவணுமா அண்ணி?

— உங்கண்ணன் போயி வருஷப் படையலும் நேத்து முடிஞ்சிச்சு. அவரு கூட வந்தவதானே நானு. அவரு இல்லாத வூட்ல எனக்கு இன்னா கீது? சரி, அந்த வரிய எழுதிட்டியா?

— எழுதிட்டேன். ஓடுது.

— அப்பறம் ஏன் அழுவுற?

— உங்கண்ணன வரச் சொன்னது நான்தான் அண்ணி.

— நீயா?

— எங்களுக்கோசரம் நீ இங்க கட்டுண்டு கெடக்குறியேன்னு நெனச்சேன். செய்யூர்ல உன் மனுசங்களோட இருந்தா நல்லா இருப்பன்னு.

— நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? ஒரு வருஷமா இந்த வூட்ல ஒருத்தராவது இருன்னு சொல்லுவீங்கன்னு. உங்கப்பாவும் சொல்லல. நீயும் சொல்லல. சரி, நம்ம கணக்கு முடிஞ்சிச்சுன்னு துணிய மடிச்சேன்.

— எங்க மோகன் அண்ணன்தான் அன்னிக்கு உன்ன பொண்ணு கேட்டுச்சு. நாங்க யாரும் கேக்கல. இப்ப நான் கேக்கறேன். அண்ணன் பொண்டாட்டின்னு இல்ல. எனக்கு நீ வேணும். இரு.

— இத்த சொல்ல ஒரு வருஷமாடி?

— அண்ணி, வாசல்ல ஆரன் அடிக்கிறாங்க. வண்டி வந்துருச்சு.

— கண்ணத் தொடச்சுக்கோ. எங்கண்ணனுக்கும் ஒரு தட்டு போடு. சாப்ட்டுட்டு, தனியா போவட்டும்.