ஓரகத்தி கொடுத்த ஜெபக் குறிப்பு

தாம்பரத்தில் காலை ரயில் கிளம்பியதும், மகளிர் பெட்டியில் எனக்கு எதிரே இருந்த பள்ளி ஆசிரியை பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்:

"எனக்கு அமெரிக்காவுல ஓட்டு இருந்தா, வெளிநாட்டு ஆளுங்க வேணாம்னு சொல்ற கட்சிக்குத்தான் போடுவேன்."

"என்ன டீச்சர், உங்க ஓரகத்தி பையன் அங்கதானே வேலை செய்யறான்?"

"அதனாலதான். அவனுக்கு விசா கிடைச்சப்போ அவ சர்ச்ல எழுந்து, கர்த்தர் கொடுத்தார்னு சாட்சி சொன்னா. வீடு வாங்கினப்பவும் சொன்னா. என் பையனுக்கு விசா தரலைன்னதும், 'கர்த்தருக்குச் சித்தமில்ல'ன்னுட்டா."

"இப்போ என்னவாம்?"

"அங்க எலெக்‌ஷன் வருதாம். ஓட்டு வாங்க அந்தக் கட்சி விசாவை இறுக்குதாம். அவன் விசா முடியப்போவுது, நீட்டிப்பாங்களான்னு தெரியலை. அந்தக் கட்சி தோக்கணும்னு ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கா. வர்ற சனிக்கிழமை சர்ச் பெண்கள் ஐக்கியத்துல ஜெபத்தை நடத்தறது நான்."

"ஜெபிப்பீங்களா?"

குரோம்பேட்டை வந்ததும் ஆசிரியை பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முழங்கால் போட்டே ஜெபிப்பேன். அவன் திரும்பி வந்தா கேளம்பாக்கம் ஐ.டி. கம்பெனிங்கள்லதான் வேலை தேடுவான். என் பையன் ஒரு வருஷமா அங்கதான் தேடிக்கிட்டிருக்கான்."