தப்பு அலமாரி கண்ட ‘ஏன் டீச்சர்’ அவர்களுக்கு

முப்பத்தோர் ஆண்டுகள் அறிவியல் கற்பித்து இன்று பணி நிறைவு பெறும், எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் அவ்வப்போது அச்சத்திற்கும் உரிய ஆசிரியை அவர்களுக்கு, உடன் பணியாற்றும் ஆசிரியர்களும் அலுவலர்களும் உள்ளம் உவந்து வாசித்தளிக்கும் மடல்.

அறிவியல் அரசியே! அட்டைப்பெட்டிகளின் அடைக்கலமே! ‘ஏன்’ என்ற இரண்டே எழுத்தை ஏந்தி வந்து எங்கள் அனைவரையும் எழுந்து நடக்க வைத்தவரே! வணக்கம்!

தமிழையா முன்வரிசையில் நலமாக அமர்ந்திருக்க, மடல் எழுதும் பொறுப்பு கணக்கு வாத்தியாரான என்னிடம் வந்தது எப்படி என்று அவையோர் வியக்கலாம். காரணம் தாங்கள்தான். “தெரிஞ்சவர் செஞ்சா வேலை மட்டும்தான் முடியும். தெரியாதவர் செய்யட்டும், அவரும் கத்துப்பாரு” என்று எந்த வேலையையும் அதில் அனுபவம் இல்லாதவர் தலையில் கட்டுவது தங்கள் வழக்கம். அந்த வழக்கப்படியே இந்த வேலை என் தலையில் கட்டப்பட்டது. மோனையை இரண்டு இடங்களில் தமிழையா சரிசெய்தார். மிச்சக் குற்றங்கள் எல்லாம் என்னுடையவை.

கேள்விக்கு ஓர் அறை கண்டவரே!

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தரைத்தளத்தின் கடைசி அறையில் உடைந்த பெஞ்சுகளும் ஓடாத மின்விசிறிகளும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அந்த அறையைக் கேட்டு வாங்கினீர்கள். கூடவே வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு பாடவேளைகளையும் கேட்டு வாங்கினீர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் பருவத்திற்கு ஒரு கேள்வி. அதற்கு எல்லாப் பாட ஆசிரியர்களும் சேர்ந்து உழைக்க வேண்டும். பருவ முடிவில் யாராவது ஒருவருக்குப் பயன்படும் பொருள் ஒன்று கையில் இருக்க வேண்டும். தங்கள் திட்டம் அவ்வளவுதான். “சரி, இது யாருக்கு உபயோகம்?” என்ற தங்கள் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ அழகான வரைபடங்கள் பிறக்காமல் போயின.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கொடிக்கம்பத்தின் நிழலை மணிக்கொரு முறை சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதிலேயே சாப்பாட்டு நேரத்தைச் சொல்லக் கற்றார்கள். ஒன்பதாம் வகுப்பு, வரலாற்றுப் பாடத்திற்காகப் பள்ளியின் மிகப் பழைய பெஞ்சு ஒன்றை ஆராய்ந்து, அதில் பெயர் செதுக்கியவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தது. அவர்களில் ஒருவர் இப்போது நம் தலைமையாசிரியர் என்று தெரிய வந்த நாளில் அவர் அறையை விட்டு வெளியே வரவே இல்லை!

நான்காம் வகுப்பை மறக்க முடியுமா! ஒழுகும் குழாயின் அடியில் வாளி வைத்து ஒரு வாரம் அளந்தார்கள். அளவைக் கணக்குப் பாடத்தில் கூட்டி, அறிவியல் பாடத்தில் காரணம் தேடி, தமிழ்ப் பாடத்தில் குழாய் பழுதுபார்ப்பவருக்கு “மதிப்பிற்குரிய ஐயா” என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதினார்கள். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே அவர் வந்து நின்றார். “இவ்வளவு மரியாதையா எனக்கு யாரும் கடிதாசி போட்டதே இல்லீங்க” என்றார். குழாயைச் சரிசெய்துவிட்டு, வாஷர் எப்படித் தேய்கிறது என்று அரைமணி நேரம் பாடமும் நடத்தினார். அந்த வகுப்பில் நாங்கள் யாரும் அவ்வளவு அமைதியைக் கண்டதில்லை.

எதிர்த்தவரையும் ஏற்றுக்கொண்டவரே!

இதைச் சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். இன்று தங்களைப் பாராட்டி எழுதும் இதே கைதான் அன்று தங்களுக்கு எதிராகத் தலைமையாசிரியருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதியது. வெள்ளிக்கிழமைப் பாடவேளைகள் பறிபோனால் பாடத்திட்டம் முடியாது, அட்டையும் பசையும் அறிவு ஆகாது, உடனே நிறுத்துக என்றெல்லாம் எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் தங்கள் கைக்கும் வந்தது. சண்டைக்கு வருவீர்கள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். தாங்களோ என் மேசைக்கு வந்து, “கடிதம் நல்லாவே இருக்கு சார். எட்டாம் வகுப்பு, நூலகத்துப் புத்தக வண்டிக்குச் சாய்தளம் போடப் போகுது. கணக்கை மட்டும் நீங்க பாத்துக் குடுக்குறீங்களா?” என்றீர்கள். தயாராக வைத்திருந்த பதில்களை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

படிக்குப் பதினைந்து சென்டிமீட்டர், நான்கு படிக்கு அறுபது, அதற்கு ஏற்ற சரிவு, அதற்கு ஏற்ற நீளம். நாற்காலியை விட்டு எழாமலேயே பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன். தச்சரோடு சேர்ந்து பிள்ளைகள் பலகைகளை அறுத்துப் பொருத்தினார்கள். திறப்பு விழா அன்று புத்தக வண்டி கம்பீரமாக மேலே ஏறி, உச்சியில் போய் நின்றது. “சார், இன்னும் ஒரு படி இருக்கே!” என்றார் நூலகர். நூலகத்திற்கு ஐந்து படிகள்! ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் ஏறி இறங்கியும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பள்ளியே சிரித்தது. தாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

மற்றப் பள்ளிகளில் பரிசுக் கோப்பைகள் இருக்கும் இடத்தில், நம் பள்ளி வாசலில் தாங்கள் வைத்திருப்பது தப்பு அலமாரி. ஒற்றைச் செங்கல்லுக்கே உடைந்த மூன்றாம் வகுப்புப் பாலம், மணிக்குப் பதினோரு நிமிடம் முந்தி ஓடிய ஏழாம் வகுப்புத் தண்ணீர்க் கடிகாரம் என்று கண்ணாடிக்குப் பின்னே தோல்விகள் கொலுவீற்றிருக்கும். என்ன நினைத்தோம், என்ன நடந்தது என்று செய்தவரே தம் கையால் சீட்டு எழுத வேண்டும். சாய்தளத்தின் சிறு மாதிரியும் அங்கே போனது. சீட்டுக்காகப் பேனாவைத் தாங்கள் என்னிடம் நீட்டினீர்கள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, “கணக்கு சரி. வாசலுக்குப் போய்ப் பார்க்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நாளிலிருந்து என் வகுப்பில் தப்பான விடையை மறைக்கிற பிள்ளைகள் குறைந்துபோனார்கள். பிள்ளைகளே அளந்து நீட்டிய அந்தச் சாய்தளத்தில் இன்றும் புத்தக வண்டி போகிறது. முழங்கால் வலிக்கிற எங்களில் சிலரும் போகிறோம்.

இல்லத்தையும் கிடங்காக்கிய இனியவரே!

தங்கள் கணவர் இங்கே இருக்கிறார். “வீட்டுல ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுர முடியாதுங்க, உடனே விசாரணைதான்” என்று சற்று முன்புதான் எங்களிடம் முறையிட்டார். அய்யா, தங்கள் பொறுமைக்கு எங்கள் தனி வணக்கம்! நாளை முதல் அம்மா முழுநேரமும் வீட்டில்தான். குழாய்களைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு.

நான்கு வாரங்களுக்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை அறைக்குப் பொறுப்பேற்க விரும்புவோர் பெயர் எழுதலாம் என்றும், பணி நிறைவு நாளுக்குள் யாரும் முன்வராவிட்டால் அறை மீண்டும் சாமான் அறையாகும், பாடவேளைகள் பழையபடி பாடத்திற்கே போகும் என்றும் அதில் இருந்தது. நாளும் காலையில் தாங்கள் அந்தத் தாளைப் பார்ப்பதை நாங்கள் பார்த்தோம். அது காலியாகவே இருந்தது. போன வாரம் அலமாரிச் சீட்டுகளைத் தனியே நின்று துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அதையும் நாங்கள் பார்த்தோம்.

அது ஏன் காலியாக இருந்தது? விருப்பம் இல்லாமல் அல்ல அம்மா. அவர் எழுதுவார் என்று இவரும், இவர் எழுதுவார் என்று அவரும் இருந்துவிட்டோம். தங்கள் இடத்தில் தனியாக நிற்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தே படிகளை எண்ணிவிட்டோம்.

முந்தாநாள் அந்தத் தாள் பலகையில் இல்லாததைக் கண்டு, அலுவலக உதவியாளரிடம், “கிழிச்சுட்டாங்களா?” என்று மெல்லக் கேட்டீர்களாம். யாரும் கிழிக்கவில்லை. இந்த மடலின் அடியில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அதே தாள்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் இப்போது பத்தொன்பது பெயர்கள் இருக்கின்றன. பொறுப்பு ஒருவருக்கு இல்லை. பருவத்துக்கு மூவர், முறை வைத்து. கடைசிப் பெயர் பெஞ்சில் பெயர் செதுக்கிய அதே கையால் எழுதப்பட்டது. அறை அறையாகவே இருக்கும் என்று அதன் பக்கத்தில் அவர் எழுதியும் கொடுத்துவிட்டார். முதல் பெயர் யாருடையது என்று தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் பார்த்த கையெழுத்துதான்.

சட்டம் பத்தாம் வகுப்பின் கைவேலை. வலது மூலையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. இன்னொன்று செய்கிறோம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். இதுதான் தங்களுக்குப் பிடிக்கும் என்று நான் தடுத்துவிட்டேன்.

கண் தெளிவும் கால் வலிவும் கலகலப்பும் குறையாமல், கணவரோடும் பிள்ளைகளோடும் நெடுங்காலம் நலமாக வாழ்க! வாழ்நாள் முழுதும் வினாக்கள் வற்றாதிருக்க!

கடைசியாக ஒரு வேண்டுகோள். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் நாங்கள் மூவர் அந்த அறையில் இருப்போம். என்ன செய்வதென்று எங்களுக்கு இன்னும் தெரியாது. உதவிக்குத் தங்களைக் கூப்பிட மாட்டோம். ஆனால் அலமாரியில் ஒரு தட்டை இப்போதே காலி செய்து வைத்திருக்கிறோம். அது நிரம்பியதும் அவசியம் வந்து பாருங்கள்.

அன்பும் நன்றியும் கொஞ்சம் நடுக்கமும் கலந்து,
தாளில் பெயர் எழுதிய பத்தொன்பது பேர்