ஜெயிலில் தைத்த ரவிக்கை

பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடம். ஜோகூர் பாருவில் ரயில் ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு ரவிக்கை. அதை அணிந்திருந்த நடுவயதுப் பெண், எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இளையவளிடம் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ஜெயில்ல நீ தைச்ச ரவிக்கைன்னா சும்மாவா! ஒரு தையல் பிசகலையே."

"மெதுவா பேசுங்க அண்ணி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் லா. உள்ள போறப்ப உனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. யாரு கத்துக் குடுத்தா?"

"மலாய்க்கார வார்டர் அம்மா. கோணலா தைச்சா பிரிச்சுப் போட்டுடுவாங்க."

"நல்ல பொம்பளை."

"அண்ணி, தோட்டத்து ஸ்டோர் அரிசியைத் திருடினவ நான். நாளைக்கு விடியக்காலம் ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுல என் பேரைக் கூப்பிட்டு வேலை குடுப்பாங்களா?"

"கங்காணி முடியாதுன்னுதான் சொன்னாரு. நேத்துக் காலையில நாங்க பொம்பளைங்க அத்தனை பேரும் ரப்பர் பால் வாளியைக் கீழ வச்சிட்டோம். 'செஞ்ச குத்தத்துக்கு மூணு மாசம் உள்ள இருந்துட்டா. அதுக்கு மேல தண்டனை போட நீங்க யாரு?'ன்னு கேட்டேன். மனுசன் பெரட்டுப் புத்தகத்தை விரிச்சாரு. அப்புறம் உன் பேரை எழுதிக்கிட்டாரு."

"பேரை எழுதினா போதுமா? லயத்து வரிசை வீட்டுல யாரு என் வாசப்படி மிதிப்பா?"

"மூஞ்சியைத் துடை. செடெனாக் வந்தாச்சு."

நடைமேடையில் தோட்டத்துப் பெண்கள் ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் வெட்டாத ரவிக்கைத் துணி ஒன்று இருந்தது.