மேப்பில் மட்டும் போகிற பஸ்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் மனைவியோடு இருந்தவர் கண்டக்டரிடம் செல்போனை நீட்டினார்.

"மேப்புல இந்த பஸ்ஸு புவனகிரி வழியா போவுதே?"

"மேப்புல போவும் சார், நாங்க போவ மாட்டோம். பைபாஸ்."

மனைவி பதறினாள். "தங்கச்சி அங்கதான மாமா நிக்கிறா. அவளப் பாத்தாதான் அப்பா ஆபரேஷனுக்குப் போவேங்கறாரு."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் முட்லூர்ல எறங்கி, ஆட்டோ புடிச்சி அவள இட்டாறேன்."

முட்லூரில் பஸ் நிற்பதற்குள் அவர் படிக்குப் போய்விட்டார். பஸ் கிளம்பியதும் அவளுக்குப் போன் வந்தது.

"ஒண்ணாதாம்ப்பா வர்றோம். பக்கத்துலதான் இருக்கா. தூங்கறா, எழுப்பவா?"

பதில் வரும்வரை அவள் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா, எழுப்பல. நீங்க உள்ள போங்க."