கப்பலுக்குக் கயிறு கட்டியவரின் வலி

இந்த ஆண்டு ஆனி மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, வேம்பாரிலிருந்து தூத்துக்குடி செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில் எக்ஸ்ரே உறை. அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டு நான் நாளிதழை மடித்து வைத்துவிட்டேன்.

“நுரையீரல்ல கேன்சரை வச்சுக்கிட்டு, வலியே இல்லைன்னு டாக்டர்ட்ட பெருமையடிச்ச ஆளு நீங்க ஒருத்தருதான்.”

“இல்லைன்னு எப்பம்ளா சொன்னேன்? வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டாரு. ரெண்டுன்னேன்.”

“ராத்திரி பூரா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது ரெண்டா? இந்தச் சீக்குல நெறையப் பேருக்கு வலி வரும், மறைக்காதீங்கன்னு அவரே சொன்னாருல்லா. மாத்திரையும் நேரத்துக்குப் போடுததில்ல.”

“வலி முத்தட்டும்னு வச்சிருக்கேன். இப்பமே தின்னா பெறவு கேக்காது.”

“ஹார்பர்ல அத்தன வருசம் கப்பலுக்குக் கயிறு கெட்டுனீகளே, ஒண்ணாவது அவுந்து போச்சா?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் கையால கெட்டுனது ஒண்ணுகூட அசையலை.”

“காத்து அடிச்ச பெறவா கெட்டுனீக?”

“கிறுக்கி, காத்து வாரதுக்கு முன்னாலல்லா கெட்டணும்!”

“அப்பம் மாத்திரை?”

 அவர் கையை நீட்டினார். அந்த அம்மாள் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார்.

தூத்துக்குடியில் இறங்கும்போது அவர் குரல் உரக்கவே கேட்டது.

“வலி எட்டுன்னு டாக்டர்ட்ட நானே சொல்லுதேன். நீ இடையில வாயத் தொறக்கப்பிடாது.”