போனில் சொன்ன பழுப்பு

அவைத் தலைவர் அவர்களே, முதியோர் நலச் சங்கத்தாரே, மறைந்த செவிலியர் சுபாஷிணியின் கணவர் கேசவ் அவர்களே, கொச்சி மட்டாஞ்சேரிப் பெருமக்களே! உங்கள் துயரத்தில் நானும் பங்குகொண்டு நிற்கிறேன்.

இருபது ஆண்டுகள் சுபாஷிணியோடு ஒரே கிளினிக்கில் வேலை பார்த்த டாக்டர் அனந்தநாராயணன் நான். எனக்கு முன் பேசியவர் அவரைத் தெய்வம் என்றார். தெய்வமா? கோபக்காரர்! அந்தக் கோபம் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

போன வருடம் மழைக்காலம். நகரசபைத் துப்புரவுப் பணியில் ஓய்வு பெற்ற காளியம்மாள், இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார், இரண்டே நாளில் ஆளே மாறிவிட்டார். மகன் ஆறுச்சாமியை யாரென்று கேட்டார். சமையலறையில் விழுந்தார். அடிக்கடி பாத்ரூம் போனார், போகவேண்டி வருகிறதே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார். காய்ச்சல் இல்லை. ஆறுச்சாமி எனக்குப் போன் செய்தார். பாதி கேட்டுவிட்டு, "மூத்திரப் பழுப்பா இருக்கும், பாருங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மலையாளத்தில் பழுப்பு என்றால் என்ன? சீழ், கிருமி. தமிழில்? நிறம்! ஆறுச்சாமி நிறத்தைப் பார்த்தார். கலங்கலாக, வெளுப்பாக இருந்தது. பழுப்பு இல்லை, ஆகவே நோய் இல்லை, அம்மாவுக்குப் புத்திதான் பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டி, திருப்பூணித்துறைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டில் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போன சுபாஷிணி காளியம்மாள் வீட்டையும் எட்டிப் பார்த்தார். போன வாரம் அம்மா எப்படி இருந்தார் என்று கேட்டார். மீன் வாங்கி வந்து, சாயா போட்டுக் கொடுத்தார் என்றார் மகன். போனில் சொன்ன பழுப்பு நிறம் இல்லையே என்றும் சொன்னார்.

"ஒரு வாரத்துல வந்தா அது வயசில்லை சேட்டா, சீக்கு."

அடிவயிற்றைத் தொட்டார். காளியம்மாள் வலியில் கையைத் தட்டிவிட்டார். சர்க்கரை, பிரஷர், சாப்பிடும் மாத்திரைகள், எல்லாம் பார்த்தார். அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என்ன கிருமி என்று பார்க்கச் சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்து, டிரிப் ஏற்றி, கிருமிக்கேற்ற மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் காளியம்மாள் மகனைப் பெயர் சொல்லித் திட்டினார்.

மருந்தென்றால் வாரிக் கொடுப்பவரா சுபாஷிணி? அல்ல! வைப்பின் தீவில் ஒரு பெரியவருக்கு ரிப்போர்ட்டில் கிருமி இருந்தது, உடம்பில் ஒரு உபத்திரவமும் இல்லை. நான் ஆன்டிபயாடிக் எழுதப் பேனாவை எடுத்தபோது, மருந்து காகிதத்துக்கா ஆளுக்கா என்று கேட்டவர் அவர்.

காளியம்மாள் வீடு திரும்பிய அன்று, சுபாஷிணி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "சாரே, அந்தப் பழுப்பு யாரோட வார்த்தை?" என்னுடையது என்றேன். ஆளைப் பார்க்காமல் போனில் நோய் சொல்லாதீர்கள் என்று பொரிந்து தள்ளினார். ஆனால் அந்த வீட்டாரிடம், போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டார். நானும் ஒரு வருடம் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆறுச்சாமி, சத்தம் நன்றாகத்தான் கேட்டது. தப்பு என்னுடையது.

சபையோரே, வீட்டில் மூத்தவர் திடீரென்று தடுமாறினால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், கூப்பிடுங்கள். சுபாஷிணி ஏறிய படிகளில் இனி நான் ஏறுவேன். நாளைக் காலை முதலில் வருவது காளியம்மாள் வீட்டுக்கு. கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர்கள் இஷ்டம்.