வடிவம்மா பாய்

கேளுங்க, நல்லாக் கேளுங்க. காட்டை அழிச்சு ரப்பர் கன்னு நட்டுக்கிட்டிருந்த காலம் அது. மலாயாவுல புக்கிட் செராய்னு ஒரு தோட்டம். அந்தத் தோட்டத்துக்குத் திருநெல்வேலிச் சீமையில இருந்து கப்பலேறி ஒரு புருசன் பொண்சாதி வந்தாங்க. அவரு பேரு மதுரநாயகம். அந்தம்மா பேரு ஞானவடிவு. எதுக்கு வந்தாங்க? மரம் வெட்டவா? இல்லை. கங்காணி வேலைக்கா? அதுவும் இல்லை. வேதம் சொல்ல வந்தாங்க. சபை அனுப்பி வச்ச உபதேசியாரு அவரு. தோட்டத்து ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல கிடக்கிற சனங்க பக்கத்துல உக்காந்து, ஆறுதல் சொல்லி, ஜெபம் பண்ணுறதுதான் வேலை.

உபதேசியாரு எப்படி இருப்பாரு தெரியுமா? பனைமரம் மாதிரி உசரம். கக்கத்துல கருப்பு வேதப்புத்தகம். சிரிக்கவே மறந்த முகம். குரலு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குமாம். மனசு என்னமோ வெண்ணெய்தான். அந்தம்மா அவருக்கு நேர் எதிர். குட்டை, குண்டு, வாயைத் திறந்தா சிரிப்பு.

அந்த நல்ல மனுசன் என்ன செஞ்சாரு? இருக்கிறதுலயே ரொம்ப முடியாதவங்ககிட்ட முதல்ல போவோம், அவங்களுக்குத்தானே அவசரம்னு நெனச்சாரு. போனாரு. தலையில கைய வச்சாரு. ஜெபம் பண்ணாரு. காட்டுக் காய்ச்சல் லேசுல விடுமா? பொழுது சாயறதுக்குள்ள அந்த ஆளு போயிட்டாரு. அடுத்த ஆளும் அப்படியே. அதுக்கடுத்த ஆளும் அப்படியே.

சனங்க பாத்தாங்க. "ஏய், இந்த நெட்டையன் யாரு தலையில கைய வச்சாலும் சாயங்காலம் பொணம்டா!"

அம்புட்டுத்தான். உபதேசியாரு வாசல்ல தலையைக் காட்டினாப் போதும், ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலம். ஒருத்தன் கட்டிலுக்கு அடியில போவான். ஒருத்தி தலையோட போர்த்திக்குவா. சங்கிலின்னு ஒரு ஆளு, கால் ஒடிஞ்சு கிடந்தவன், ஒத்தைக் காலாலேயே ஜன்னலைத் தாண்டினானாம். "சாமி! எனக்குக் காலுதான் சாமி ஒடிஞ்சிருக்கு! உயிரு நல்லாத்தான் இருக்கு! விட்டுருங்க!"

சிரிக்கிறீங்க. அந்தம்மாவும் முதல்ல சிரிச்சாங்களாம். ஆனா ஒரு நாளு அழகம்மான்னு ஒரு பொண்ணு, வயித்துல பிள்ளையோட, கொதிக்கிற காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்கு வந்தவ, உபதேசியாரைப் பாத்ததும் எந்திரிச்சு ஓடிட்டா. ஓடிப்போய், கூலிச் சனங்க குடியிருந்த லயத்துக்குப் பின்னால விறகுக் கொட்டாயில ஒளிஞ்சுக்கிட்டா. மருந்து வேண்டாம், கஞ்சி வேண்டாம், வெளிய வரவே மாட்டேங்கிறா.

அந்த ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரசர் யாழ்ப்பாணத்துக்காரரு, கனகரத்தினம். அவரு வந்து வாசல்ல நின்னாரு.

"உபதேசியார், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வந்தால் கட்டிலெல்லாம் வெறுமையாப் போகுது. அந்தப் பிள்ளை மருந்தில்லாமச் சாகப்போறா. தோட்டத்துத் துரையும் சொல்லிப்போட்டார். அடுத்த கப்பலிலை ரெண்டு பேரும் ஊருக்குப் போங்கோ."

மதுரநாயகம் திண்டாடிப் போனாரு. அன்னைக்கு ராத்திரி பொண்சாதிகிட்டக் கேட்டாரு:

"வடிவு, என் ஜெபத்துல என்ன குத்தம்?"

"ஜெபத்துல ஒரு குத்தமும் இல்லைங்க. சாகக் கிடக்கிறவங்களாப் பாத்துப் போனா சாவாமலா இருப்பாங்க? சுகமா இருக்கிற ஒரு ஆளு தலையில கைய வையுங்க. சனங்க கண்ணால பாக்கட்டும்."

"சுகமா இருக்கிறவன் எவன் என்கிட்ட வருவான்?"

"ஏன், நான் இல்லையா?"

மறுநாள் காலையில அந்தம்மா தலைவாரி, பூவும் வச்சு, நேரா ஆஸ்பத்திரிக்குள்ள போனாங்க. அழகம்மா விட்டுட்டு ஓடின கட்டில் காலியாக் கிடந்துச்சு. அதுல ஏறி நீட்டிப் படுத்துட்டாங்க.

"எல்லாரும் பாத்துக்கோங்கப்பா. இப்ப இவரு எனக்கு ஜெபம் பண்ணப்போறாரு. பொழுது சாயற வரைக்கும் நான் இங்கதான் கிடப்பேன்."

ஓடப் பாத்தவங்க எல்லாம் வேடிக்கை பாக்க நின்னுட்டாங்க. உபதேசியாரு கிட்ட வந்தாரு. தலையில கைய வச்சாரு. வச்ச கைய வெடுக்குன்னு எடுத்துட்டு, திரும்ப வச்சாரு! அந்தம்மாவுக்குத் திக்குன்னு ஆயிருச்சு. 'இவருக்கே பயமா?' ஆனாலும் ஜாடையா ஒரு கண்ணைச் சிமிட்டினாங்க. அவரு கண்ண மூடி ஜெபிச்சாரு. நீட்டி ஜெபிச்சாரு. ஆமென் வர்ற வழியக் காணோம்.

"என்னங்க, போதுங்க. ஆண்டவருக்கும் வேற வேலை இருக்கும்."

சங்கிலி பக்கத்துக் கட்டில்ல இருந்து எட்டிப் பாத்தான். "எம்மா, ஒருவேளை போயிட்டீங்கன்னா, உங்க கஞ்சிய நான் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ ராசா. ஊறுகாய மட்டும் தொடாத. அது ஊர்ல இருந்து கொண்டாந்தது!"

உச்சி தாண்டுச்சு. தகரக் கூரையில மழை தடதடன்னு அடிச்சுது. அந்தம்மாவுக்கு முதுகுல சில்லுன்னு ஒரு குளிரு ஏறுச்சு. அந்தக் கட்டில்ல கிடந்து போனவங்க ஒவ்வொருத்தர் முகமா ஞாபகம் வந்துச்சு. 'ஆண்டவரே, எனக்காகக் கேக்கலை. நான் எந்திரிக்கலைன்னா விறகுக் கொட்டாயில கிடக்கிற பிள்ளையும் எந்திரிக்க மாட்டா.' அப்படி வேண்டிக்கிட்டே கண்ணசந்துட்டாங்க. பாத்தா, ஜன்னல் திறந்து கிடந்து மழைக்காத்து அடிச்சிருக்கு, அம்புட்டுத்தான் அந்தக் குளிரு!

அசந்தவங்க குறட்டை விட்டாங்க பாருங்க, மழைச் சத்தமே தோத்துப் போச்சாம். வார்டுல ஒருத்தரும் அசையலை. குறட்டையவே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. திடீர்னு குறட்டை நின்னுச்சு.

"ஐயோ! எம்மா! எம்மா! உயிரோட இருக்கீங்களா?" கட்டிலுக்கு ஒருத்தரா கத்துறாங்க.

அந்தம்மா ஒரு கண்ணைத் திறந்தாங்க. "ஏன்பா, ஒரு பொம்பளை புரண்டு படுக்கக் கூடாதா? எனக்குப் பசிக்குது!"

வார்டே விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்பத்தான் சிரிக்காத மனுசன் மதுரநாயகமும் சிரிச்சாராம். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாராம். அவரு சிரிக்கிறதப் பாத்துதான் சனங்களுக்குப் பாதிப் பயம் தெளிஞ்சுதாம்.

பொழுது சாஞ்சுது. அந்தம்மா குத்துக்கல்லாட்டம் எந்திரிச்சு உக்காந்தாங்க. சேதி லயத்துக்கு ஓடுச்சு. அழகம்மாவை அவ மாமியார்க்காரி கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்தினா. அந்தப் பொண்ணு கேட்டா:

"எனக்கும் ஜெபம் பண்ணச் சொல்லுங்கம்மா. மருந்தும் குடிக்கிறேன். ஆனா நீங்களும் என் பக்கத்துல படுத்துக்கணும். முதல்ல உங்களுக்கு, அப்புறம் எனக்கு."

"இதென்ன பிரமாதம், வாடி மகளே!"

ரெண்டு பேருக்கும் கட்டில் பத்துமா? தரையில பாயை விரிச்சாங்க. ரெண்டு பேரும் படுத்தாங்க. உபதேசியாரு முதல்ல பொண்சாதி தலையில கைய வச்சாரு, அப்புறம் அழகம்மா தலையில வச்சாரு. டிரசரு மருந்து குடுத்தாரு. காய்ச்சல் இறங்குச்சு. மாசம் முடிஞ்சு ஆம்பளைப் பிள்ளை பொறந்து, தோட்டமே கேக்குற மாதிரி கத்துச்சாம். கப்பல் வந்துச்சு, போச்சு. இவங்க ரெண்டு பேரும் ஏறலை. சாகுற வரைக்கும் அங்கயேதான் இருந்தாங்க.

இன்னைக்கு அந்தத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. வீடுங்களா வந்திருச்சு. ஆனா சின்னதா ஒரு வேதக் கோயிலு இருக்கு. அங்க சுகமில்லாதவங்களுக்கு ஜெபம்னா, முதல்ல ஒரு பாயை விரிப்பாங்க. அதுக்குப் பேரு வடிவம்மா பாய். சுகமா இருக்கிற ஒருத்தரு முதல்ல அதுல படுக்கணும். சபையை நடத்துற ஐயரு அவருக்குத்தான் முதல்ல ஜெபம் பண்ணணும். முடிஞ்சதும் சபையாரு எல்லாரும், "உயிரோட இருக்கீங்களா?"ன்னு கேக்கணும். படுத்திருக்கிறவரு, "பசிக்குது!"ன்னு சத்தமாச் சொல்லணும். சபை சிரிக்கணும். சிரிச்சு முடிச்ச பிறகுதான் சுகமில்லாதவங்களுக்கு ஜெபம். மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்களும் வருவாங்க, சீன ஆளுங்களும் வருவாங்க.

இப்பவும் அந்தப் பாய்ல இன்னைக்கு யாரு படுக்கிறதுன்னு அங்க பெரிய சண்டையே நடக்குதாம், போய்ப் பாருங்க!